முதல் மடக்கு மூக்குக்கு

போன இதழில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில், பெங்களூரின் தெற்குப் பக்கம் ஒரு காய்கறி மார்க்கெட்டை ஒட்டிய பாரில் உட்கார்ந்து ஆறு வகை கிராஃப்ட் பீரை ருசி பார்த்ததை நாலே வரியில் எழுதியிருந்தேன். மாங்கொட்டை வண்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியபோது வராத கடிதங்கள் அந்த நாலு வரிக்கு வந்துவிட்டன. இந்த மாதம் முழுப் பக்கத்தையும் அதற்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 26 வருடம் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். தினமும் காலை பதினோரு மணிக்கு நாலு பேர் உட்கார்ந்து ருசி பார்த்து மார்க் போடுவது வேலையில் ஒரு பகுதி. இப்போது காவேரிப்பட்டணம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, இரண்டு மாடு, மனைவி. (இந்த வரிசை சரியில்லை என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது.) 21 வயது ஆகாதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடலாம்.

கே: கிராஃப்ட் பீர் என்கிறீர்களே, அது என்ன தனிச் சரக்கு? கடையில் விற்கும் பாட்டிலில் இல்லாத எது அதில் இருக்கிறது?
- காரிமங்கலம் வாசகர்

ப: சரக்கு ஒன்றும் தனி இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர். அங்கேயும் இந்த நாலுதான், இங்கேயும் இந்த நாலுதான். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் பீரில் சேரக் கூடாது என்று. ஈஸ்ட்டை அதில் எழுதவில்லை. அப்படி ஓர் உயிர் உள்ளே வேலை பார்ப்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

வித்தியாசம் அளவிலும் கட்டாயத்திலும் இருக்கிறது. பெரிய ஆலை லட்சக்கணக்கான பாட்டிலுக்கு ஒரே ருசி கொடுத்தாக வேண்டும். எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான். போன மே மாதம் குடித்ததும் இந்த மே மாதம் குடிப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க. பார்லியோடு அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேர்த்து ருசியை மெலிதாக்குவார்கள். வடிகட்டி, சூடுகாட்டிக் கிருமி நீக்கி, 650 மில்லி பாட்டிலில் அடைத்தால் அது சித்திரை வெயிலில் கிடங்கில் கிடந்தாலும் தாங்கும்.

கிராஃப்ட் பீர் பாரில் டாங்கி கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலேயே நிற்கும். கொஞ்சமாகக் காய்ச்சி, பெரும்பாலும் வடிகட்டாமல், குழாய் வழியாக நேரே கிளாஸுக்கு விடுவார்கள். இந்த வாரத்து ருசி போன வாரத்தைப் போல இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. பாக்கெட் தயிர், வீட்டில் உறை ஊற்றிய தயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தயிர் சில நாள் அமிர்தம், சில நாள் வாயில் வைக்க முடியாது. பாக்கெட் தயிரை இளக்காரமாகப் பேச மாட்டேன், 26 வருடம் அதன் சோற்றைத் தின்றிருக்கிறேன். புனேயில் 2009-இலும் பெங்களூரில் அதற்கு அடுத்த ஓரிரு வருடங்களிலும் இந்தக் கடைகள் வந்தன. அப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். ஒரு வருடத்தில் நாங்களே சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போய் வரிசையில் நின்றோம்.

கே: என் பேத்திக்கு ராகி மால்ட் கஞ்சி கொடுக்கிறேன். நீங்கள் பீரிலும் மால்ட் என்கிறீர்கள். ஒரே மால்ட்டா? குழந்தைக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா? பயமாக இருக்கிறது.
- பாலக்கோடு வாசகி

ப: தாராளமாகக் கொடுங்கள் அம்மா, பயமே வேண்டாம். மால்ட் என்றால் முளைகட்டிய தானியம், அவ்வளவுதான். ஈஸ்ட் சேர்த்து நாள்கணக்கில் புளிக்கவிட்டால்தான் அதில் ஆல்கஹால் வரும். அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியில் அது கிடையாது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் வணக்கம் வைக்க வேண்டும். பீர் காய்ச்சுவதில் பாதி வேலை உங்கள் அடுப்படியில் நடந்துகொண்டிருக்கிறது. ராகியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைக்கிறீர்கள். பார்லிக்கும் இதேதான். முளை விடும்போது தானியம் தன் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க ஒரு நொதியைத் தயார் செய்துகொள்கிறது. அமிலேஸ் என்று பேர். நீங்களே பார்த்திருப்பீர்கள்: சாதா ராகி மாவில் கூழ் காய்ச்சினால் கெட்டிப்படும், அதே அளவு முளைமாவில் காய்ச்சினால் நீர்த்துப்போகும், லேசாக இனிக்கவும் செய்யும். சந்தேகமிருந்தால் கெட்டியான கூழை வாய் சுடாத பதத்துக்கு ஆறவைத்து, ஒரு ஸ்பூன் முளைமாவைக் கலந்து மூடிவையுங்கள். கொஞ்ச நேரத்தில் கரண்டியிலிருந்து தண்ணீராக ஒழுகும்.

பீர் ஆலையில் இதையே பெரிய அண்டாவில் 65 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். சூடு ரொம்ப ஏறினால் நொதி செத்துவிடும், சர்க்கரை வராது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மேலாளர் இதைக் கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கினார். சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "கூழ் நீர்த்துப்போறதுக்கா இவ்ளோ படிப்பு?" என்றார்.

இமயமலைப் பக்கம், சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும், நம் ராகியையே வேகவைத்துப் புளிக்கவிட்டு, மூங்கில் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றி, குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள். தோங்பா என்று பெயர். நாம் களியோடு நிறுத்திக்கொண்டோம்.

கே: கம்பெனி நண்பர்கள் பெங்களூரில் ஒரு கிராஃப்ட் பீர் பாருக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு பலகையில் ஆறு குட்டி கிளாஸ். அவர்கள் "பிஸ்கட்", "சிட்ரஸ்", "ட்ராபிகல்" என்று என்னென்னவோ சொன்னார்கள். எனக்கு எல்லாமே கசப்பு, ஒன்று கொஞ்சம் கூடுதல், ஒன்று கொஞ்சம் குறைச்சல். என் நாக்கில் ஏதாவது கோளாறா?
- ஓசூர் வாசகர்

ப: தம்பி, நாக்குக்கு ஒன்றும் இல்லை. அதற்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கறிக்குழம்பிலும் தக்காளியிலும் இருக்கிற அந்த உமாமி, இவ்வளவுதான் தெரியும். மிச்சமெல்லாம் மூக்கின் வேலை. சளி பிடித்த அன்றைக்கு ரசம் எப்படி இருக்கும்? புளியும் உப்பும் தெரியும், ரசம் தெரியாது. வாசனை மூக்கின் முன்வாசல் வழியாகவும் போகும். விழுங்கும்போது தொண்டைக்குப் பின்னால் இருக்கிற கொல்லைவாசல் வழியாகவும் ஏறும். அதனால் கிளாஸை எடுத்ததும் முதல் மடக்கை மூக்குக்குக் கொடுங்கள். அப்புறம் வாய்.

அடுத்தது, அந்த வார்த்தைகள். பிஸ்கட் என்று முதலில் சொன்னவன் டீயோடு பிஸ்கட் தின்று வளர்ந்தவன். அவன் வாசனைக்கு அவன் வீட்டிலிருந்து பேர் எடுத்தான். உங்கள் வீட்டில் இல்லாத பேரை ஏன் தேடுகிறீர்கள்? நான் அன்றைக்கு என் அக்கா மகனோடு போயிருந்தேன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவனும் உங்களைப் போலத்தான், "எல்லாம் கசக்குது மாமா" என்றான். "இங்கிலீஷை மூடிவை, உங்க அம்மா அடுப்படியை நினைச்சுக்கிட்டு மோந்து பாரு" என்றேன்.

முதல் கிளாஸ் லாகர், வெளிர் மஞ்சள். கொஞ்ச நேரம் மூக்கருகில் வைத்திருந்துவிட்டு, "பொரி" என்றான். சரி. பொரி, புது வைக்கோல், லேசான தேன். இளம் பதத்தில் உலர்த்திய மால்ட்டுக்கு அதுதான் வாசனை. ஆனால் அதற்கு அடியில் எனக்கு இன்னொன்று வந்தது. வெண்ணெய் உருக்கும்போது, நெய்யாவதற்குச் சற்று முன்னால் எழும்பும் வாசனை. அது இருக்கக் கூடாது. ஈஸ்ட் வேலை செய்யும்போது டைஅசெட்டைல் என்று ஒன்றை வெளியே விடும். பொறுமையாக இன்னும் சில நாள் விட்டால் அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு டாங்கியைக் குளிரவைத்துவிட்டால் வெண்ணெய் அப்படியே நின்றுவிடும். அங்கே பீர் காய்ச்சுகிற பையன் எங்கள் மேஜைப் பக்கம் வந்தபோது காதோடு கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "சனி, ஞாயிறு கூட்டம் சார், ரெண்டு நாள் முன்னாடியே எடுத்துட்டோம்" என்றான். நல்ல பையன், ஒளிக்கவில்லை.

இரண்டாவது கோதுமை பீர், கலங்கல். அக்கா மகன் மோந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, வாழைப்பழம்!" தோல் கறுக்கத் தொடங்கிய பூவன் பழம். பின்னாலேயே கிராம்பு, பிரியாணி அண்டாவைத் திறந்ததும் முதலில் வருமே, அது. இந்த பீரில் பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. இந்த வகைக்கென்று உள்ள ஈஸ்ட் இரண்டு வாசனையையும் தானே செய்துவிடும். வாழைப்பழத்தின் வாசனைக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளைத்தான் அதுவும் செய்கிறது. மூன்றாவது, பெல்ஜியம் பாணியில் கோதுமையும் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போட்டது. அதில் தனியாவை உண்மையாகவே இடித்துப் போடுகிறார்கள். ஆனால் அவனுக்குத் தெரியவில்லை! தினம் குழம்பில் இருப்பது மூக்குக்குப் பழகிப்போய்விடுகிறது போல.

நாலாவதுதான் உங்களைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன், ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல். கசப்பு கூடுதல். பக்கத்து மேஜையில் ஒருவர் "ட்ராபிகல், ட்ராபிகல்" என்றுகொண்டிருந்தார். நம் ஊர்க்காரனுக்கு அதற்கு எவ்வளவு துல்லியமான பேர் இருக்கிறது தெரியுமா? மாங்காய் பறிக்கும்போது காம்பு ஒடிந்த இடத்திலிருந்து பீச்சுகிற பால். கையில் பட்டால் புண்ணாகும், சட்டையில் பட்டால் கறை போகாது. அந்தக் காரமான பச்சை வாசனை அப்படியே கிளாஸில் இருந்தது. இது என் கற்பனை இல்லை. மிர்சின் என்ற வாசனைப் பொருள் ஹாப்ஸ் பூவிலும் உண்டு, மாங்காயிலும் உண்டு. தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஐந்தாவது மாம்பழம், அதைப் பிறகு சொல்கிறேன். ஆறாவது ஸ்டவுட், காப்பி டிகாஷன் நிறம். கருக வறுத்த பார்லி. அக்கா மகன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பாட்டி நிலக்கடலை வறுக்கும்போது சீரியல் பார்த்துக்கிட்டு விட்டுடுவாங்களே, அந்தக் கடலைத் தோல்." எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒருவன் இருந்திருந்தால் மார்க் போடுகிற வேலையை அவனிடமே விட்டிருப்பேன்.

சில கைப்பழக்கங்கள். வெளிறியதிலிருந்து கருப்புக்கு, கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். ஐபிஏவை முதலில் குடித்துவிட்டு லாகரைத் தொட்டால் தண்ணீர் மாதிரி இருக்கும். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் நாக்கு மரத்துவிடும். கிளாஸை உள்ளங்கையில் பொத்தி ஐந்து நிமிடம் வையுங்கள். சில்லி கோபியை ருசி பார்த்து முடிக்கும்வரை தள்ளிவையுங்கள். காரம் வாயை எரித்துவிடும். உதட்டு எண்ணெய் பட்டால் நுரையும் படுத்துவிடும். நடுநடுவே வெறும் தண்ணீர், வெறும் ரொட்டி. கிளாஸின் பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது சரியாகக் கழுவாத கிளாஸ், மாற்றித் தரச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்புவார்கள், பீரில் ஒரு வாய் விழுங்கித்தான் ஆக வேண்டும். கசப்பு தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் ருசியில் சேர்த்தி.

கே: ஸ்டவுட் கருப்பாக இருக்கிறதே, போதை அதிகமா?
- மத்தூர் வாசகர்

ப: நிறம் வறுவலில் வருவது. அயர்லாந்தின் புகழ்பெற்ற ஸ்டவுட்டான கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் கடைகளில் தங்க நிறத்தில் மினுக்கும் ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை போகும்.

கே: மாம்பழ பீர் என்கிறார்களே, அதில் நிஜமாக மாம்பழம் இருக்கிறதா, எசென்ஸா? தோப்புக்காரராகச் சொல்லுங்கள்.
- ஊத்தங்கரை வாசகர்

ப: இரண்டு விதமும் உண்டு. எசென்ஸ் போட்டது கிளாஸை முகத்தருகே கொண்டுபோவதற்கு முன்பே கூப்பிடும், குடித்தால் ஒன்றும் இருக்காது. பழக்கூழ் போட்டது நேர்மாறு. மூக்குக்கு அடக்கமாக இருக்கும், வாயில் புளிக்கும்.

ஏன் புளிக்கிறது? முதல் கொதிப்பு, அதாவது ஈஸ்ட்டின் முதல் வேகம், அடங்கியதும் கூழைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொண்டு பழத்தின் சர்க்கரையைத் தின்றுவிடும். இனிப்புப் போய்விட்டால் மாம்பழத்தில் என்ன மிஞ்சும்? புளிப்பு, கொஞ்சம் வாசனை, கொஞ்சம் நார். மாம்பழ ஜூஸ் மாதிரி இனிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இங்கே என் மானம் போன கதையைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அட்டையில் "அல்போன்சா" என்று போட்டிருந்தார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இது அல்போன்சா இல்லை, பெங்களூரா" என்று அடித்துச் சொன்னேன். நம் ஊரில் பெங்களூரா என்கிற கிளிமூக்குக் காயை, கூழ் ஆலைகள் லாரி லாரியாக வாங்குகிற அந்த ரகத்தை, பெங்களூர்க்காரன் அல்போன்சா என்று பேர் மாற்றி விற்கிறான் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். வெண்ணெய் விஷயத்தில் முகம் சிவந்த அதே பையன் உள்ளே போய்க் காலி டின்னை எடுத்து வந்தான். அல்போன்சா என்று போட்டிருந்தது. கீழே ஆலை முகவரி: கிருஷ்ணகிரி மாவட்டம். நான் தலைகுனிந்தேன், என் மாவட்டம் தலைநிமிர்ந்தது.

தப்பு எங்கே நடந்தது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அல்போன்சாவின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றபின் மிச்சமிருந்த புளிப்பை, என் மூக்கு பெங்களூராவின் புளிப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. தோப்பில் நின்று அறுத்துத் தின்ற பழம் மட்டுமே எனக்குத் தெரியும், இனிப்பை உருவிவிட்ட பழத்தை அதற்கு முன் நான் தின்றதில்லை.

கே: இந்தியா பேல் ஏல் என்பதில் ஏன் நம் பேர்? அது இந்தியாவில் கண்டுபிடித்ததா?
- தேன்கனிக்கோட்டை வாசகர்

ப: இல்லை. இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அங்கிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்சன் என்பவரின் ஆலையிலிருந்து கப்பலில் பீப்பாய் பீப்பாயாக வந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு தடவை தாண்டி, மாதக்கணக்கில் பயணம். ஹாப்ஸ் பீரைக் கெடாமல் காக்கும். நாம் ஊறுகாய்க்கு உப்பைக் கூட்டுவது போல அவர்கள் ஹாப்ஸைக் கூட்டினார்கள். இந்தியாவுக்கென்றே உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள் என்ற கதை மட்டும் கொஞ்சம் ஜோடனை. ஹாப்ஸ் தூக்கலான பீர் அங்கே அதற்கு முன்பே இருந்தது.

அப்புறம் 1820-களில் பர்ட்டன் என்ற ஊர் ஆலைகள் போட்டிக்கு வந்து ஜெயித்தன. காரணம் தண்ணீர். அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதில் கசப்பு சுத்தமாக, வெட்டினாற்போல நிற்கும். இதைத் தருமபுரிப் பக்கத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போர் தண்ணீரில் பருப்பு வேகாது, ஒகேனக்கல் தண்ணீரில் வேகும். தண்ணீர் மாறினால் சமையல் மாறும் என்பது நமக்கு மனப்பாடம்.

இன்றைக்குக் கிளாஸில் வரும் மாங்காய், சாத்துக்குடி வாசனையெல்லாம் அந்தக் காலத்து ஐபிஏவில் கிடையாது. அது அமெரிக்க ஹாப்ஸின் கைவரிசை. 1972-இல் வெளியான கேஸ்கேட் என்ற ரகத்திலிருந்து தொடங்கியது. நம் நாட்டிலும் ஹாப்ஸ் விளைகிறது, இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில்.

கே: ராஜாஜி பிறந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு பீருக்கு வாசனை, நிறம், நுரை என்று எழுதுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?
- ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தருமபுரி

ப: ஐயா, நீங்கள் சொல்வது வெறும் கோபமில்லை, சரித்திரம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேர்த்து. தருமபுரி தனியானது 1965-இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, மாகாணப் பிரதமர் (இன்றைய முதலமைச்சர் மாதிரி) ஆனதும் முதலில் தன் மாவட்டத்தில்தான் கடைகளை மூடினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். அந்த வரி நிலைத்தது, விலக்கு நிலைக்கவில்லை.

இதே மண்ணைத் தகடூர் என்று ஆண்ட அதியமானைப் பற்றி ஔவை பாடியதும் உங்களுக்குத் தெரியாததில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவிட்டுத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று புறநானூற்றில் அழுகிறாள். ஆறு குட்டி கிளாஸ் பலகையைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தச் "சிறிய கள்"தான்.

ஆனால் அதைச் சொல்லி உங்களை மடக்கப் பார்க்கவில்லை. என் பெரியப்பா குடித்தே நாற்பத்திரண்டு வயதில் போனார். அவர் நிலத்தை விற்ற பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என் அப்பாவுடையது. ஆல்கஹால் புற்றுநோய்க் காரணி என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1988-லேயே சொல்லிவிட்டது; எந்த அளவும் பாதுகாப்பில்லை என்று அந்த நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகவே சொன்னது. கிராஃப்ட் என்று பேர் வைத்தாலும் கல்லீரலுக்கு ஆல்கஹால் ஆல்கஹால்தான். வெட்கம் உண்டா என்றால், உண்டு. ருசி பார்த்துப் பழகிய மூக்கு இருக்கிறதே, அதுவும் உண்டு. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கே: இரண்டு சந்தேகம். ஒன்று, ருசி பார்ப்பதுதானே, பைக்கில் திரும்பலாமா? இரண்டு, ஒரு பாட்டிலில் பிடித்து ஊருக்குக் கொண்டு வரலாமா?
- பென்னாகரம் வாசகர்

ப: கணக்குப் போடுவோம். குட்டி கிளாஸ் ஒன்று 120 மில்லி என்றால் ஆறு கிளாஸ் 720 மில்லி. பெரிய பாட்டிலே 650தான்! "சும்மா ருசி பார்த்தேன்" என்கிறவர் ஒரு முழு பாட்டிலுக்கு மேல் குடித்திருக்கிறார். 5 சதவீதம் என்று வைத்தாலும் 36 மில்லி சுத்த ஆல்கஹால். சட்டம் விடுகிற அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரே மூச்சில் குடித்தால் 70 கிலோ ஆள் அதைத் தாராளமாகத் தாண்டிவிடுவார். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். நானும் அக்கா மகனும் ஆளுக்கு ஒரு பலகை வாங்கவில்லை, ஒன்றைத்தான் பகிர்ந்தோம். திரும்பியது அத்திப்பள்ளி வரை டவுன் பஸ், அங்கிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி பஸ். ஜன்னலோரம் கிடைத்தது.

பாட்டிலில் கொண்டு வருவது கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், அதுவும் 1937-இல் வந்ததுதான், வெளிமாநிலச் சரக்கை அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுவர விடாது. எல்லையில் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் யாராவது மூட்டையைத் திறக்கச் சொன்னால் "கிராஃப்ட் பீர் சார், ருசிக்கு" என்று விளக்க நிற்பீர்களா? அப்படியே தப்பித்தாலும், வடிகட்டாத, சூடுகாட்டாத பீர் பென்னாகரம் போய்ச் சேர்வதற்குள் வெயிலில் நொந்துபோகும்.

கே: இதையெல்லாம் எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டம்மா ஒன்றும் சொல்வதில்லையா?
- பர்கூர் வாசகி

ப: அவள் ஒரு சொட்டு தொட்டதில்லை. அன்றைக்குக் கிளம்பும்போது அந்தப் பையன் இரண்டு சின்னப் பொட்டலம் மடித்துக் கொடுத்தான். பீர் இல்லை, மால்ட். ஒன்றில் வெளிறிய பார்லி, இன்னொன்றில் ஸ்டவுட்டுக்குப் போடுகிற கருப்பு. தானியத்துக்கு எந்தச் சோதனைச் சாவடியிலும் தடையில்லை. வீட்டுக்கு வந்து இரண்டையும் முறத்தில் கொட்டி, என்ன என்று சொல்லாமல் அவள் முன்னால் வைத்தேன்.

வெளிறியதை நாலு எடுத்து மென்றாள். "பார்லி. முளைகட்டிக் காயவெச்சிருக்காங்க. ரெண்டு நாளுக்கு மேல முளைக்க விட்டிருக்காங்க, இனிக்குது" என்றாள். மால்ட்டைக் கையில் வாங்கி இத்தனையும் சொல்ல நான் ஆய்வுக்கூடத்தில் எத்தனை வருடம் பழகினேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

கருப்பை ஒன்று கடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இறக்க வேண்டிய நேரத்துல இறக்கலை. எந்தக் கடைல வாங்குனீங்க? திருப்பிக் கொடுத்துட்டு வாங்க."

வேண்டுமென்றேதான் கருக்கினார்கள் என்று விளக்கப் பார்த்தேன். அதற்குள் கருப்பைக் கோழிகளுக்கு இறைத்துவிட்டு, வெளிறியதைக் கஞ்சிக்கு அரைக்க எடுத்து வைத்துவிட்டாள். கோழிகள் கருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.